வேட்டைக்காரன் பெயரில் ஒரு ஊர்... பறவைக்குக் காவல்!

மறைமலை நகரை அடுத்த கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருந்தார்:

"நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டிருக்கிறேன். ஏரிக்கரையை ஒட்டிய நிலம். விடிவதற்குள் கொக்கு, நாரை, நீலத் தாழைக்கோழி எல்லாம் இறங்கி நாற்றங்காலை மிதித்துத் துவைத்துவிடுகின்றன. நெல்லில் குருணை மருந்தைக் கலந்து வரப்பில் வைத்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்கிறார்கள். கண்ணி வைக்கிற ஆட்களை விட்டுவிடுங்கள், அவர்களே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. எது சரி?"

இரண்டும் வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால், ஏன் வேண்டாம் என்று சொல்லாத பதிலை எந்த விவசாயியும் ஏற்கமாட்டார். நாற்று போனால் விதை போச்சு, உழவு போச்சு, பட்டமும் பத்து நாள் தள்ளிப் போச்சு. அந்த வலி தெரியாமல் "பறவைகளைக் காப்போம்" என்று சுவரில் எழுதுவது சுலபம். அதனால் அவருடைய ஏரியில் ஒரு நாளும், அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் வேடந்தாங்கலில் ஒரு நாளும் செலவிட்டேன். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன்.

தோணியில் ஒரு காலை

சிங்கபெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் இன்று கன்டெய்னர் லாரிகள்தான் அதிகம். மதில் முடிந்தால் இன்னொரு மதில். ஒரு தொழிற்சாலையை அடுத்து மற்றொன்று. அந்த மதில்களுக்கு நடுவே, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் அடையாளமான ஏரிகள் இன்னும் இருக்கின்றன. 'ஏரி மாவட்டம்' என்றே பெயர் வாங்கிய மண் இது. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததுக்கு, அது நிரம்பினால் அதற்கும் அடுத்ததுக்கு என்று சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். நான் போன ஏரியும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் கண்ணி வைப்பவர்களுக்கு நானே வழிகாட்டியது போலாகிவிடும்.

ஜனவரி மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. கரையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். கேள்வி கேட்ட விவசாயி, ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் பெரியவர், வனத்துறையின் காவலர். பெரியவருடைய தோணி பத்தடி நீளம் இருக்கும். மூங்கில் கழியை ஊன்றித்தான் தள்ள வேண்டும். நான்கு பேர் ஏறியதும் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளிதான் மிஞ்சியது. பாதியாக அறுத்த எண்ணெய் கேன் ஒன்றை என் கையில் கொடுத்து, "சார், உள்ள வர்ற தண்ணிய நீங்க எறைச்சிக்கிட்டே வாங்க" என்றார் பெரியவர். அன்று முழுக்க எனக்கு அதுதான் வேலை.

நடு ஏரியில் தோணி நன்றாகப் போனது. கரைப்பக்கம் வந்தபோதுதான் பாடு. ஆகாயத்தாமரை ஒரு பக்கம், நெய்வேலிக் காட்டாமணக்கு இன்னொரு பக்கம், நடுவில் சம்பும் கோரையும். கழி ஊன்றினால் சேறு பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கடைசியில் இறங்கித்தான் தள்ளினோம். தொடை வரை சேறு. ஒரு காலை எடுத்தால் மறு கால் புதைகிறது. என் செருப்பு இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்த ஏரியின் வண்டலில் எங்கோ இருக்கும்.

அந்தச் சேற்றில்தான் கண்ணிகள் இருந்தன. இரண்டு குச்சிகளை நட்டு, நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிற்றில் சாணுக்கு ஒன்றாக நைலான் நரம்புச் சுருக்குகள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். இரை தேடி நடந்து வரும் பறவையின் கால் அல்லது கழுத்து சுருக்கில் மாட்டும். இழுக்க இழுக்க இறுகும். பகலில் பார்த்தாலே கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நரம்பு. காவலர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாக்கில் போட்டார். காலை ஒன்பது மணிக்குள் 17 கயிறுகள் சேர்ந்தன. ஒன்றில் சின்னக் கொக்கு ஒன்று செத்துத் தொங்கியது. இன்னொன்றில் நீலத் தாழைக்கோழி ஒன்று உயிரோடு இருந்தது. காவலர் சுருக்கை அறுத்துவிட்டதும் அவர் கையை ஒரு கொத்து கொத்திவிட்டுக் கோரைக்குள் ஓடியது.

நீர்க்காகம் மீனைத் தின்னும். அதனால் பெரியவருக்குக் கண்ணி வைப்பவர்கள் மேல் கோபம் இருக்காது என்று நினைத்தேன். கேட்டேன். "நீர்க்காக்கா மீன் திங்கும் சார், இல்லைன்னு சொல்லல. எவ்வளவு திங்கும்னு எனக்கு ஒரு கணக்கு இருக்கு, அதுக்கும் சேர்த்துத்தான் குஞ்சு விடறேன். ராத்திரில கண்ணி வைக்க வர்றவன் என் வலைய அறுத்துட்டுப் போறான். அதுக்கு யார்கிட்ட கணக்கு கேக்கறது?" என்றார்.

நாற்றங்காலில் யார்?

கண்ணிகளை எடுத்து முடித்த பிறகு தோணியைக் கோரைக்குள் ஒதுக்கிவிட்டு, நண்பரின் நிலத்தைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். பறவைகளைப் பற்றிப் புகார் சொல்கிற ஒவ்வொரு விவசாயியும் ஒரு நாளாவது இதைச் செய்ய வேண்டும்.

பக்கத்து வயலில் டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. கேஜ் வீலுக்குப் பின்னால் முப்பது நாற்பது கொக்குகள். மேலே வரும் புழு, தத்துக்கிளி, வெட்டுக்கிளி, தவளை எல்லாவற்றையும் பொறுக்கின. வாய்க்கால் ஓரம் நத்தைகுத்தி நாரைகள் ஏழெட்டு. மூக்கின் நடுவில் இடுக்கி போல ஓர் இடைவெளி இருக்கும் நாரை அது. நத்தையைப் பிடித்து, ஓட்டை உடைக்காமல் உள்ளே இருக்கும் சதையை மட்டும் உருவி எடுப்பதில் அதற்கு நிகர் கிடையாது. அது நின்ற இடத்தில் வெறும் நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தன.

நாற்றங்காலுக்குள் இறங்கியவை நீலத் தாழைக்கோழிகள் மட்டுமே. ஐந்து. நாற்றை இழுத்து, அடித்தண்டின் வெள்ளைப் பகுதியைக் கடித்துவிட்டு மீதியைப் போட்டன. நீண்ட விரல்களால் நடந்த இடமெல்லாம் நாற்று சாய்ந்தது. சத்தம் கேட்டால் பத்தடியில் இருக்கும் சம்புக்குள் மறைந்து, ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தன.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ கொக்கு மேல நான் சொன்ன புகார் பாதி தப்புங்களா?" என்றார். பாதிக்கு மேல் என்றேன்.

சேதம் செய்வது ஓரிரண்டு இனம். விஷம் வைத்தால் சாவது எல்லா இனமும். விதை தின்னும் பறவை முதலில் சாகும். செத்த பறவையைத் தின்னும் பருந்து, நாய், கீரி அடுத்தது. கண்ணியும் அப்படித்தான், தாழைக்கோழியின் கால் எது, கொக்கின் கால் எது என்று நைலான் நரம்புக்குத் தெரியாது.

கொக்கு போடும் வேலைக்குக் கூலி

வயலில் இறங்கும் நீர்ப்பறவைகள் என்ன தின்கின்றன என்று ஒரு பட்டியல் போடுவோம். கொக்குகள் தின்பது வெட்டுக்கிளி, புழு, சிறு தவளை, வயல் எலிக் குஞ்சு. நாரைகளும் வக்காவும் தின்பது நத்தை, நண்டு, மீன். வரப்பில் வளை தோண்டி இரவோடு இரவாகத் தண்ணீரை வடியவிடும் வயல் நண்டை நமக்காகப் பிடித்துத் தருவது இவைதான்.

தாய்லாந்து போன்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வகை ஆப்பிள் நத்தை இளம் நெல் நாற்றை வெட்டித் தின்று பெரும் தொல்லை தருகிறது. அங்கே அந்த நத்தையை விடாமல் தின்று குறைப்பவற்றில் நம்முடைய இதே நத்தைகுத்தி நாரையும் ஒன்று. நம் ஊரில் ஆடு, மாடுகளுக்கு வரும் ஈரல் தட்டைப்புழு நோயும் நத்தை வழியாகத்தான் பரவுகிறது. குளத்து ஓரத்துச் சிறு நத்தைகளை வாத்தினங்கள் தின்பதால் கால்நடை வளர்ப்போருக்கும் லாபம் உண்டு.

இவ்வளவு வேலைக்கும் கூலி எவ்வளவு என்று கேட்டால், ஒன்றுமில்லை. அதோடு, தின்றதை எருவாக நம் நிலத்திலேயே விட்டுவிட்டுப் போகின்றன. இந்த எருக் கணக்கை 200 ஆண்டுகளுக்கு முன்பே சரியாகப் போட்ட ஊர்தான் வேடந்தாங்கல்.

வேடன் தாங்கல்

மறைமலை நகரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டிக் கொளவாய் ஏரி. அதைத் தாண்டிப் பாலாற்றுப் பாலம். மணல்தான் அதிகம் தெரியும் அந்த ஆற்றைக் கடந்து, படாளம் கூட்டு ரோட்டில் திரும்பினால் தொழிற்சாலைச் சத்தம் குறைந்து கழனிகள் ஆரம்பிக்கின்றன. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. தூரத்தில் வேடந்தாங்கல்.

தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடன் தாங்கல்தான் வேடந்தாங்கல் ஆனது என்பார்கள். அதாவது வேட்டைக்காரனின் ஊர். ஒரு காலத்தில் இந்தப் பகுதி ஜமீன்தார்களின் வேட்டைக் காடாக இருந்தது என்கிறது இந்த ஊரின் வரலாறு. பறவைகளைக் காப்பதற்குப் பேர்போன ஊரின் பெயரிலேயே வேடன் இருக்கிறான்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து இந்த ஏரியில் நாரைகளைச் சுட்டார்கள். அந்தக் காலத்தில் துரைமார்களுக்கு அது பொழுதுபோக்கு. உள்ளான் சுடுவதற்காக முழங்கால் சேற்றில் நெல் வயல்களைச் சுற்றுவதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லியோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்ததாகச் சொல்லும் கதையில் வருகிறாரே, அதே பிளேஸ் துரைதான். 1798-இல் அவர் இந்த ஊருக்கு ஒரு கவுல் கொடுத்தார். கவுல் என்றால் எழுத்தில் தரும் வாக்குறுதி. இந்த ஏரியில் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்பதே அந்தக் கவுல். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் மாவட்ட கலெக்டர் இதைச் சரணாலயமாக அங்கீகரித்தார். நாட்டில் வனவிலங்குச் சட்டம் வந்தது 1972-இல்தான். சட்டம் வருவதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிராமம் தன் ஏரிக்குச் சட்டம் வாங்கிவிட்டது. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கலும், பக்கத்தில் இருக்கும் கரிக்கிளியும் இடம்பிடித்தன.

நான் போனபோது ஏரி நிரம்பியிருந்தது. மொத்தமே சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர்தான். நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய ஏரிகள் எத்தனையோ உண்டு. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா, பாம்புத்தாரா, வக்கா, நீர்க்காகம் என்று ஒரே மரத்தில் நாலைந்து இனம் குடித்தனம் நடத்துகின்றன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதுதான் கூட்டுக்குக் காவல். பூனை, நாய், நரி எதுவும் வரமுடியாது. தண்ணீர் இல்லாத ஆண்டில் பறவை வந்து பார்த்துவிட்டுப் போய்விடும், கூடு கட்டாது. ஏரிக்கு வரும் கால்வாய் தூர்ந்தால் பறவைக்கும் நஷ்டம், ஆயக்கட்டுக்கும் நஷ்டம்.

வேடந்தாங்கல் விவசாயியின் கணக்கு

கரையில் நடந்தபோது மூக்கைத் துளைக்கும் எச்ச வாடை. அந்த வாடைதான் இந்த ஊரின் உர மூட்டை. பறவைகள் காலையில் பறந்து போய்ச் சுற்று வட்டார ஏரி, குளம், வயல்களில் இரை தின்கின்றன. மாலையில் திரும்பி வந்து இங்கே எச்சமிடுகின்றன. பல ஊர் நிலத்தில் இருக்கும் சத்து இப்படித் தினமும் சிறகில் ஏறி இந்த ஏரிக்கு வந்து சேருகிறது. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அது தண்ணீரில் கரைந்து மதகு வழியாகக் கழனிக்குப் போகிறது. ஏரித் தண்ணீர் பாயும் நிலத்துக்கு யூரியா குறைவாகவே போதும் என்பது இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் பேச்சு.

ஆக, அந்தக் காலத்து ஊர்மக்கள் கலெக்டரிடம் போனது வெறும் இரக்கத்தால் மட்டும் இல்லை. சுடப்படும் ஒவ்வொரு நாரையும் தங்கள் வண்டி எருவில் ஒரு கூடை என்று அவர்களுக்குத் தெரியும். இரக்கம் ஒரு தலைமுறையில் வற்றிப் போகலாம். லாபக் கணக்கோடு சேர்ந்த இரக்கம் 200 ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பறவைகள் அதிகம் தங்கும் ஏரியின் தண்ணீர் பாயும் நிலத்தில், பக்கத்து ஊர்க்காரர் போட்டார் என்று அதே அளவு யூரியாவைப் போட்டால் பயிர் கருகருவென்று வளரும், பிறகு சாயும். புகையானும் குலைநோயும் தேடி வரும். இலை வண்ண அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பாருங்கள். வெள்ளைப் பொன்னியாக இருந்தால் நிறம் 3-க்குக் கீழே வந்தால் மட்டும், மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழே வந்தால் மட்டும் யூரியா போடுங்கள். பறவை எவ்வளவு போட்டிருக்கிறது என்பதை இலையே சொல்லிவிடும்.

ராஜாவின் ஏரியும் வேட்டைக்காரர்களின் கிராமமும்

இதற்கு நேர் எதிரான கணக்கும் நம் நாட்டில் உண்டு. ராஜஸ்தானில் பரத்பூர் ராஜாக்கள் வாத்து வேட்டைக்கென்றே ஒரு சதுப்பு நிலத்தை வைத்திருந்தார்கள். 1938 நவம்பர் 12-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோவும் அவருடைய விருந்தினர்களும் அங்கே ஒரே நாளில் சுட்டது 4,273 பறவைகள். இன்று அந்த இடம் கேவலாதேவ் தேசியப் பூங்கா. எந்த நாளில் எத்தனை பறவை சுடப்பட்டது என்று கல்லில் வெட்டி வைத்த பட்டியலை அங்கே போகிறவர்கள் இப்போதும் பார்க்கலாம். பரத்பூரில் பறவையைச் சுட்டவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. வேடந்தாங்கலில் கவுல் கேட்டுப் போன விவசாயிகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் காப்பாற்றிய பறவைகளின் வாரிசுகள் மரத்தில் இருக்கின்றன.

சரி, பறவை பிடிப்பதே பிழைப்பாக இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஒடிசாவில் சிலிகா ஏரியின் வடக்கு ஓரத்தில் மங்கலாஜோடி என்ற ஊர். அங்கே சிறு தோணிகளில் சதுப்புக்குள் போய் வாத்துகளைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து, விஷம் வைத்து, சுட்டு விற்பதே பலருக்குத் தொழிலாக இருந்தது. பறவைகள் சில ஆயிரமாகக் குறைந்துபோயின. 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஊர்க்காரர்களே பறவைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். வேட்டையாடியவர்களில் பலர் காவலர்களானார்கள். பறவை எந்தக் கோரையில் படுக்கும், எந்த நேரத்தில் எழும்பும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? இன்று அதே தோணிகளில் பறவை பார்க்க வருபவர்களை ஏற்றிக்கொண்டு போய்க் கூலி வாங்குகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே கூடும் பறவைகள் இப்போது லட்சக்கணக்கில்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஏரியில் கண்ணி வைப்பவரும் வயிற்றுக்காகத்தான் வைக்கிறார். அவரைப் பிடித்துக்கொடுத்தால் மட்டும் முடிந்துவிடாது. மீன் குத்தகை, கரைக் காவல், தூர் வாரும் வேலை என்று அந்த ஏரியிலேயே அவருக்கு ஒரு வரும்படி இருந்தால் கண்ணியைக் கீழே வைப்பார்.

வாசகருக்குப் பதில்

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சுடுவது மட்டும் வேட்டை இல்லை. விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். இதற்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில் போல முதல் அட்டவணையில் இருக்கும் பறவை என்றாலும், சரணாலயத்துக்குள் நடந்தாலும் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. பிடித்த பறவையைக் கையில் வைத்திருப்பதும் குற்றம்தான்.

அடுத்தது விஷம். குருணை மருந்துகளில் சில மிகக் கடும் நஞ்சு. அதைத் தின்று சாகும் பறவையைச் சிலர் எடுத்துச் சுத்தம் செய்து சாலையோரம் கொக்குக்கறி என்று விற்றுவிடுகிறார்கள். சமைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பாதீர்கள். அதைத் தின்பது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். வரப்பில் வைத்த நெல்லை நம் கோழி தின்னும், மழை பெய்தால் அது வாய்க்காலில் கரையும், மாடு குடிக்கும். சாலையோரம் விற்கும் காட்டுப்பறவைக் கறியை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்.

இனி நாற்றங்காலைக் காக்கும் வழி.

1. நாற்றங்காலைச் சின்னதாக்குங்கள். வழக்கமான முறையில் ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும். திருந்திய நெல் சாகுபடியின் பாய் நாற்றங்காலுக்கு 1 சென்ட் போதும். 14, 15 நாளில் நாற்று தயார். 1 சென்டைக் காப்பது சுலபம், காக்க வேண்டிய நாளும் குறைவு. அதை ஏரிக்கரையில் போடாமல் வீட்டுப் பக்கமோ களத்துப் பக்கமோ போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

2. மேலே வலை கட்டுங்கள். இரண்டு, மூன்று அடி உயரத்துக்குக் குச்சி நட்டு வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொய்வாகப் போட்டால் அதுவே கண்ணியாகிப் பறவை சிக்கும். ஓரங்களையும் தரை வரை மூடுங்கள். தாழைக்கோழி நடந்து வரும் பறவை.

3. விதைத்த முதல் சில நாள் தண்ணீரை வடித்துச் சேற்றை ஈரமாக மட்டும் வைத்திருங்கள். தண்ணீர் தேங்கினால் நீர்ப்பறவை இறங்கும். முளை எழும்பிய பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

4. பெரிய நாற்றங்கால் என்றால் சிவப்பு, வெள்ளி நிறத்தில் பளபளக்கும் நாடாவை முறுக்கிக் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். காற்றில் அது எழுப்பும் சத்தமும் ஒளியும் விரட்டும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பறவை பழகிவிடும்.

5. தாழைக்கோழி மறைவிடத்தை விட்டு அதிகத் தூரம் வராது. நாற்றங்காலை ஒட்டிய உங்கள் வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் சம்பு, கோரையை மட்டும் வெட்டி இடைவெளி ஏற்படுத்துங்கள். ஏரிக்குள் இருப்பதைத் தொடவேண்டாம். அங்கே கூடு இருக்கும்.

6. கண்ணியைப் பார்த்தால் நீங்களே சண்டைக்குப் போகவேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

நமக்கும் ஒரு கவுல்

1798-இல் ஊர்க்காரர்கள் கலெக்டரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இன்று அந்த அதிகாரத்தில் ஒரு பங்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. "எங்கள் ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் ஏரியில் பறவைக்குக் கண்ணி, விஷம், துப்பாக்கி கூடாது" என்று ஒரு தீர்மானம் போடுங்கள். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது பெயரளவில் மட்டும் இருந்தால், இந்த ஏரியை அதன் முதல் வேலையாகக் கொடுங்கள். மீன் குத்தகைக்காரரையும், ஏரிப் பாசன விவசாயிகளையும், முடிந்தால் பறவை பிடிக்கிறவர்களையும் அதில் உட்கார வையுங்கள்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும் நாரைகளை ஊரே காவல் காக்கிறது. இவை பெரிய ஊர்களும் இல்லை, பணக்கார ஊர்களும் இல்லை.

மறைமலை நகர் பக்கம் கார் ஏற்றுமதி ஆகும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது. 2022-இல் அதில் ஒரு பெரிய தொழிற்சாலை கார் தயாரிப்பை நிறுத்தியபோது பல குடும்பங்கள் திரும்பவும் நிலத்தைப் பார்த்தன. நிலம் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. நிலத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஏரியும் இருந்தது. மண்ணைக் கொட்டி ஏரியை மேடாக்க நினைப்பவர்கள் முதலில் சொல்வது, "அங்கே என்ன இருக்கு, வெறும் சேறு" என்பதுதான். பறவைகள் வந்து தங்கும் ஏரியை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்த வகையில் நம் ஏரிக்குப் பறவையும் ஒரு காவல்காரன்தான்.

கேள்வி கேட்ட நண்பர் இந்த முறை மீதமிருந்த நாற்றைச் சுற்றி வலை கட்டிவிட்டார். அடுத்த பட்டத்துக்குப் பாய் நாற்றங்கால் போடப்போவதாகச் சொன்னார். உங்கள் ஊர் ஏரியில் எந்தெந்தப் பறவை வருகிறது, எது பயிரைத் தொடுகிறது, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை இந்த இதழுக்கு எழுதுங்கள். பயனுள்ளவற்றை வரும் இதழ்களின் கேள்வி-பதில் பகுதியில் மற்ற விவசாயிகளோடு பகிர்ந்துகொள்வோம்.